பேட்டரியை எங்கே வைப்பது?

பெட்டியை அடைத்து, அதன் மேல் ஏறி உட்கார்ந்து மூடிய பிறகுதான் சர்வேயருக்குச் சந்தேகம் வந்தது. பேட்டரியை விமானத்தில் விடுவார்களா?

மகள் வருடக்கணக்காகத் தன் ஊருக்குக் கூப்பிட, நாளைக்குத்தான் கிளம்புகிறார். "ட்ரோனை மறந்துடாதீங்கப்பா, பசங்க உயிரை எடுக்கறாங்க" என்றிருந்தாள். யோசனை கேட்க வீட்டில் சுவரைத் தவிர ஆளில்லை. டிக்கெட்டில் எறும்பு ஊர்ந்தது போலிருந்த விமானக் கம்பெனி எண்ணை உத்தேசமாக அழுத்தினார்.

முதல் மணியிலேயே ஒரு பெண் எடுத்தாள்.

"ட்ரோன் பேட்டரியைப் பெரிய பெட்டில வைக்கலாமாம்மா?"

"பெட்டி ப்ளேன் அடியில போயிடுமே சார். புகைஞ்சா யாருக்குத் தெரியும்? கையிலயே வச்சுக்குங்க."

கைப்பைக்கு மாற்றினார். ஜிப் மூடவில்லை. மறுபடி ஃபோன்.

"இறக்கையைக் கழட்டிப் பாருங்களேன்."

கழற்றினார். ஒன்று கட்டிலுக்கடியில் பறந்தது. தவழ்ந்து எடுத்து, தலையில் இடித்துக்கொண்டு, மறுபடி கூப்பிட்டார்.

"பேட்டரி ஒண்ணோட ஒண்ணு உரசினா பத்திக்குமாமே?"

"ஐயையோ! தனித்தனியா சுத்துங்க சார்."

இருந்த சாக்ஸ் எல்லாம் பேட்டரிக்குப் போயின. "அப்ப என் காலுக்கு?"

"பேட்டரிக்குத்தான் சார் குளிரும்."

இருவரும் சிரித்தார்கள். அவர் சிரிப்பு அவருக்கே வேற்றாள் சிரிப்பாகக் கேட்டது.

"ஃபுல் சார்ஜ்ல இருக்கலாமா?"

"கொஞ்சம் குறைச்சிடுங்க, எதுக்கு வம்பு?"

குறைக்க ஒரே வழி, பறக்கவிடுவது. இறக்கைகளை மாட்டி ஹாலில் ஏற்றினார். அது நேரே திரைச்சீலைக்குள் புகுந்து, கம்பியோடு பிடுங்கி வந்து அவர் தலையிலேயே போர்த்தியது.

திரைக்குள்ளிருந்தே பேசினார்.

"அடி பட்டுச்சா சார்? மொதல்ல உக்காருங்க. சாப்ட்டீங்களா?"

என்ன தங்கமான கம்பெனி! அந்தக் கேள்வியை அவரிடம் யாராவது கேட்டு எத்தனை காலம்!

"இன்னும் இல்லம்மா."

"சாப்ட்டு மெதுவா அடுக்குங்க. நான் லைன்லயே இருக்கேன்."

ஃபோனை எதிரே சாய்த்து வைத்துச் சாப்பிட்டார். பேச்சுவாக்கில் எல்லாம் அடங்கி, ஜிப்பும் சமர்த்தாக மூடிக்கொண்டது.

"உங்களைப் பாராட்டி மேலிடத்துக்கு எழுதணும்மா. உங்க ஆபீசர் யாரு?"

"ஆபீசரெல்லாம் இல்ல சார், இது ராங் நம்பர், என் வீடு, மொதல்லயே சொல்லியிருப்பேன், சொன்னா திரும்பக் கூப்பிட மாட்டீங்களேன்னுதான்..."