கை இல்லாத ஊரை வரைந்தவர்

ஓவியர்களில் இரண்டு வகை உண்டு. வரைகிறவர்கள் ஒரு வகை. அவர்களைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. அவர்களுக்கும் நாம் சொல்வதைக் கேட்க நேரமில்லை. நான் சொல்ல வந்தது இரண்டாவது வகையைப் பற்றி. வரையத் தயாராகிக்கொண்டிருப்பவர். சுருக்கமாக, தயாராகும் ஓவியர்.

இவரை அடையாளம் காண்பது எளிது. பெரம்பலூரைச் சுற்றியுள்ள கல்லூரிகளில் ஏதோ ஒன்றில் பொறியியல் படித்திருப்பார். நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஆசிரியர் முகத்தை வரைந்து, பக்கத்தில் இருந்தவன் வாய்விட்டுச் சிரித்து, இரண்டு பேரும் வகுப்புக்கு வெளியே நின்ற அந்த மதியத்தில், தன் பாதை வேறு என்று கண்டுகொண்டிருப்பார். இப்போது மாடி அறையில் ஒரு மேசை, மேசைமேல் ஒரு டேப்லெட், அதன்மேல் வளைந்து பார்க்கும் ஒரு விளக்கு, சுவரில் "தினமும் வரை" என்று எழுதிய தாள், வலது கையில் சுண்டுவிரலையும் மோதிர விரலையும் மட்டும் மூடும் ஒரு கறுப்புக் கையுறை. திரையில் கை உரசாமல் இருக்க ஓவியர்கள் அணிவது அது. கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த பெரியப்பா அதைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, கையில சுட்டுக்கிட்டியா?" என்று பதறுவார். அம்மா, "அதெல்லாம் இல்லீங்க, படம் போடறதுக்கு" என்பார். பெரியப்பா இன்னும் அதிகமாகப் பதறுவார்.

தெருவில் கேட்டால் இவர் என்ன சொல்வார் தெரியுமா?

"என்ன தம்பி பண்றே இப்ப?"

"இல்லஸ்ட்ரேட்டர் அங்கிள்."

"நல்ல கம்பெனியா? ஓசூர்லயா?"

இவரிடம் மழைக்கு ஒரு பிரஷ் இருக்கும், புல்லுக்கு ஒரு பிரஷ் இருக்கும், பழைய காகிதத்தில் டீ கொட்டியது போலக் காட்ட ஒரு பிரஷ் இருக்கும், எல்லாம் டேப்லெட்டுக்குள். பயிற்சி வகுப்புகளும் அப்படித்தான். கோணம் பிசகாமல் கட்டடம் வரைவது, வண்ணக் கோட்பாடு, வாடிக்கையாளரிடம் பேசும் முறை, வாடிக்கையாளர் இல்லாதபோது மனம் தளராமல் இருக்கும் முறை. ஒரு வகுப்பில் சேரும்போதே பாதி கற்றுவிட்ட நிறைவு வந்துவிடும். மீதிப் பாதி, அடுத்த வகுப்பில் சேரும்போது வரும். இணையத்தில் இவருக்கென்று ஒரு தளம் உண்டு. திறந்தால் "விரைவில்" என்று மட்டும் இருக்கும். படத்தின் மூலையில் போடுவதற்கான கையொப்பத்தைப் பல மாதங்கள் வடிவமைத்து, அதை இடது மூலையில் போடுவதா வலது மூலையில் போடுவதா என்பதுவரை தீர்மானித்திருப்பார். படம்தான் பாக்கி.

எங்கள் தெருவில் இந்த வகைக்குப் பெயர் கோகுலகிருஷ்ணன்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கோகுலுக்கு வரைய வராது என்று நினைத்துவிடாதீர்கள். முகம் வரும். அதுவும் எப்படி வரும்! "எங்க ஊர் மனுசங்க" என்று ஒரு வரிசை இன்ஸ்டாகிராமில் போட்டிருந்தார். மக்காச்சோளக் காட்டில் மார்பளவு மறைந்து நிற்கும் விவசாயி. சின்ன வெங்காய மூட்டைகளுக்குப் பின்னால் நிற்கும் வியாபாரி. இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்ட தலைமையாசிரியர். கடலைக் கூடையை மார்போடு அணைத்து, கைகள் கூடைக்கு அந்தப் பக்கம் போய்விட்ட பெண். துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசும் மாட்டுத் தரகர்கள். ஒவ்வொரு முகமும், இவரை நேற்று பஸ் ஸ்டாண்டில் பார்த்தோமே என்று நம்மை யோசிக்க வைக்கும்.

படங்களை வரிசையாகத் தள்ளிக்கொண்டே போனால்தான் ஒன்று உறைக்கும். பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்திலும் ஒருவருக்கும் கை இல்லை.

ஓவியத்தில் கை கடினம். முகம் தப்பினால் வேறு யாரோ என்று சொல்லிச் சமாளிக்கலாம். கை தப்பினால் அது கையே இல்லை. அதனால் தயாராகும் ஓவியர்கள் தம் மனிதர்களைச் சோளத்தில் நிறுத்துவார்கள், மூட்டைக்குப் பின்னால் தள்ளுவார்கள், பாக்கெட்டில் கை விடச் சொல்வார்கள். மாட்டுத் தரகர்கள் விஷயத்தில் மட்டும் நியாயம் இருந்தது.

இப்படி ஊரே கையில்லாமல் நிம்மதியாக வாழ்ந்துகொண்டிருந்தபோது, பாலக்கரைப் பக்கம் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கும் தாய்மாமன் ராசாங்கம் வீட்டுக்கு வந்தார்.

"மாப்ள, கடையில டிசைன் பண்ணிட்டிருந்த பையன் நின்னுட்டான். நீயும் அதே பொட்டியிலதான் படம் போடறே. இங்க வந்து போடு."

"மாமா, நான் பண்றது வேற. நான் புத்தகத்துக்குப் படம் போடறவன்."

"எந்தப் புத்தகம்?"

அம்மா இடையில் புகுந்து ஒரு தீர்ப்புச் சொன்னார்: தை பிறப்பதற்குள் கோகுல் பெயரில் ஒரு புத்தகம் உறுதியானால் மாமா இனி இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது, உறுதியாகாவிட்டால் கோகுல் கடைக்குப் போக வேண்டும். மாமா பெருந்தன்மையோடு தலையாட்டினார். அவருக்குத் தை பிறக்கும் என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் புத்தகம் வந்தது. உண்மையாகவே வந்தது. கல்லூரித் தோழி மர்ஜியா போன் செய்தார். லெப்பைக்குடிக்காட்டுப் பெண், பள்ளி ஆசிரியை. பிள்ளைகளுக்குக் கதை எழுதுவார்.

"கோகுல், என் கதையைச் சென்னையில ஒரு பதிப்பகம் எடுத்துக்கிட்டாங்க. படம் போட ஆள் தேடுனாங்க. உன் பேரைச் சொல்லிட்டேன். ரெண்டு பக்கம் மாதிரிக்கு அனுப்பு. புடிச்சா புத்தகம் முழுக்க நீதான்."

"மர்ஜியா! சூப்பர்! கதை என்ன?"

"பெருநாளுக்கு ஒரு சின்னப் புள்ள ரெண்டு கையிலயும் மருதாணி வச்சிக்கிடுது. வச்ச உடனே மூக்கு அரிக்குது. ஈ வருது. முறுக்கு வருது. ஒண்ணையும் தொட முடியல. வூட்ல ஒவ்வொருத்தரா வந்து அதுக்குக் கையா இருக்காங்க. அவ்வளவுதான். அட்டையிலேர்ந்து கடைசிப் பக்கம் வரைக்கும் கைதான்!"

கோகுல் போனைக் காதிலிருந்து எடுத்துத் திரையை ஒருமுறை பார்த்தார்.

"ஹலோ? கேக்குதா?"

"கேக்குது" என்றார் கோகுல். போனைப் பிடிக்காத கை தானாகவே பாக்கெட்டுக்குள் போயிருந்தது.

தயாராகும் ஓவியரிடம் ஒரு வேலை வந்தால் அவர் என்ன செய்வார்? தயாராவார். மருதாணி எந்த நாட்டிலிருந்து எந்த நாட்டுக்குப் போனது என்று படித்தார். மொராக்கோ நாட்டு வடிவங்களைச் சேகரித்தார். மருதாணிச் சிவப்புக்கு நிறம் தேடி, காய்வதற்கு முன், காய்ந்த பின், மறுநாள் காலை என்று வண்ணக் கட்டங்கள் போட்டார். தான் உறுப்பினராக இருக்கும் எல்லா வாட்ஸப் குழுவிலும் எந்த பிரஷ் நல்லது என்று கேட்டு, வந்த பதில்களில் முரண்பாடு இருந்ததால் அதைத் தீர்க்க ஒரு வகுப்பில் சேர்ந்தார். கடைசியில், வேறு வழியில்லாமல், வரைந்தார்.

முதல் பக்கத்தில் அந்தப் பிள்ளை கழுத்துவரை போர்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இரண்டாவது பக்கம், கூரையில் சுழலும் ஃபேனிலிருந்து ஒருவர் குனிந்து பார்ப்பது போன்ற கோணம். வீட்டில் எல்லாருடைய உச்சந்தலையும் மிக நுணுக்கமாகத் தெரிந்தது.

பி.காம். படிக்கும் தங்கை சுமதி எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, அந்தப் புள்ளைக்குக் கை எங்கண்ணே?"

"போர்வைக்குள்ள."

"மருதாணி போர்வையில அப்பிக்காதா?"

"அது வாசகர் கற்பனைக்கு விட்டது."

"வெயில் காலத்துப் பெருநாள்னு கதையில இருக்கு. புள்ளைக்குக் காய்ச்சலா?"

"சுமதி, உனக்கு கம்போசிஷன் புரியாது. போ."

அனுப்பினார். பதிப்பகத்திலிருந்து வெற்றிச்செல்வி என்கிற பதிப்பாசிரியர் தாமே கூப்பிட்டார். கோகுல் ஸ்பீக்கரில் போட்டார். பாராட்டு வந்தால் வீடு கேட்கட்டும் என்று.

"கோகுல், முகம் ரொம்ப நல்லா இருக்குங்க. அந்தப் புள்ளை கண்ணுல இருக்கற தவிப்பு இங்க எல்லாருக்கும் புடிச்சிருக்கு." அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். "ஒண்ணே ஒண்ணு. இந்த வீட்ல யாருக்குமே கை இல்லீங்களா?"

சுமதி பாத்திரம் எடுக்கும் சாக்கில் திரும்பிக்கொண்டாள்.

"ஒரே ஒரு படம் அனுப்புங்க. அந்தப் புள்ளை, ரெண்டு கை. பென்சில்ல கிறுக்குனா போதும். கோணலா இருந்தாலும் பரவாயில்ல, அப்புறம் சேர்ந்து சரி பண்ணிக்கலாம். வெள்ளிக்கிழமை முடிவு பண்ணிடுவோம்."

நீங்களும் நானும் இந்த இடத்தில் பென்சிலைத் தேடியிருப்போம். ஆனால் கோகுலை அடித்துப்போட்டது "கோணலா இருந்தாலும் பரவாயில்ல" என்ற அந்த ஒரு வரி. தயாராகும் ஓவியரிடம் சொல்லக் கூடாத வரி அது. அத்தனை வகுப்பும், அத்தனை பிரஷும், அந்தக் கையுறையும் கோணலாக வரைவதற்கா? அன்றே உடற்கூறு வகுப்பு ஒன்றில் சேர்ந்தார். அது எலும்பிலிருந்து தொடங்கியது. மணிக்கட்டில் உள்ள எலும்புகளின் பெயர்களை லத்தீனில் ஒப்பித்துக்கொண்டே மாடியில் நடந்தார்.

வியாழக்கிழமை மதியம் சுமதி கடையில் ஒரு மருதாணிக் கோன் வாங்கி, பக்கத்து வீட்டில் கொடுத்து இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு வந்து, அவர் எதிரில் உட்கார்ந்துவிட்டாள்.

"வரை. காயறதுக்குள்ள வரை."

"இன்னும் தசை பாடமே வரல சுமதி."

"எனக்குத் தசையெல்லாம் இருக்கு. வரைண்ணே."

முதல் படம் இஞ்சி போல வந்தது. இரண்டாவதைப் பற்றிப் பேச வேண்டாம். மூன்றாவதற்கு நடுவில் சுமதிக்கு நிஜமாகவே மூக்கு அரித்தது. முழங்கையால் முயன்றாள், எட்டவில்லை. தோளில் தேய்த்தாள், போதவில்லை. இரண்டு கையையும் காற்றில் விரித்துக்கொண்டு, "அண்ணே, அண்ணே, சொறிஞ்சு விடு!" என்று அலறினாள். கோகுல் சொறிந்துவிடவில்லை. வரைந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக, எதையும் தேடாமல், எதையும் கேட்காமல், கையுறைகூடப் போடாமல், ஒரு பழைய தாளில் பென்சிலால் வேகவேகமாக வரைந்தார்.

விரல்கள் கொஞ்சம் குண்டு. கட்டைவிரல் இருக்க வேண்டிய இடத்திலிருந்து நழுவியிருந்தது. ஆனால் பார்த்தவர் யாரானாலும் தம் மூக்கைச் சொறிந்துகொள்வார்கள். அம்மா சொறிந்துகொண்டார். நானும் பார்த்தேன், நானும்தான்.

"இதான்ணே!" என்று குதித்தாள் சுமதி. "இதை அனுப்பு."

"கட்டைவிரல் மூட்டு தப்பா இருக்கு."

"மூட்டை யாரு பாக்கப்போறா?"

"பாக்கறவங்க பாப்பாங்க."

"அவங்கதான் கோணலா இருந்தாலும் பரவால்லன்னாங்களே!"

"அது அவங்க மரியாதைக்குச் சொன்னது."

வெள்ளிக்கிழமை கோகுல் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். காலையில் தொடங்கி மாலைவரை எழுதிய மின்னஞ்சல். அடிப்படைகளை வலுப்படுத்திக்கொண்டிருப்பதாகவும், தரத்தில் சமரசம் செய்துகொள்ள விரும்பவில்லை என்றும், சிறிது காலம் கிடைத்தால் சிறந்த கைகளைத் தர முடியும் என்றும் அதில் இருந்தது. பென்சில் படம் இல்லை. பல மாதங்கள் வடிவமைத்த அந்தக் கையொப்பம் முதன்முதலாக வெளியுலகைப் பார்த்தது அந்த மின்னஞ்சலின் அடியில்தான். வலது மூலையில்.

தை பிறந்தது.

மாமா கடையில் கணினியைத் திறந்து காட்டினார். "இந்தா மாப்ள, இதுதான் கும்பிடு ஃபோல்டர்." அதில் வெள்ளைச் சட்டை போட்ட, தலையில்லாத, கைகூப்பிய உடம்புகள் வரிசையாக இருந்தன. காதுகுத்துக்கு வரவேற்கும் தாய்மாமன், திறப்பு விழாவுக்கு அழைக்கும் கடைக்காரர், பதவி கிடைத்தவர், பதவி கேட்பவர், யாராக இருந்தாலும் தலையை மட்டும் வெட்டி இதில் ஒட்ட வேண்டும். ஊர் முழுக்க ஒரே ஜோடிக் கை. "மோதிரம் கேட்டாங்கன்னா அது தனி ஃபோல்டர்" என்றார் மாமா.

கையே வரைய வேண்டாத ஓவிய வேலை பெரம்பலூரில் ஒன்று உண்டென்றால் அது இதுதான். கோகுல் அதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறார் தெரியுமா? "தற்காலிகம்." ராத்திரியில் வகுப்புகள் தொடர்கின்றன. தசை வந்துவிட்டது. தோல் அடுத்த பாடம்.

பெருநாளுக்கு முந்தின வாரம் மர்ஜியா கடைக்கு வந்து புத்தகத்தைக் கொடுத்தார். கோயம்புத்தூரில் இருக்கும் யாரோ வரைந்தது. விரல்கள் கத்தரிக்காய் போல இருந்தன. கோகுல் நின்றபடியே எல்லாப் பக்கமும் புரட்டினார்.

"மர்ஜியா, இங்க பாரு. ரெண்டு கட்டைவிரலும் ஒரே பக்கம் இருக்கு."

"ஆமா, பாத்தேன். எங்க ஸ்கூல் புள்ளைங்களும் பாத்துச்சுங்க. ஒரே சிரிப்பு. அப்புறம் எல்லாம் கையைத் தூக்கிட்டு, மூக்கு அரிக்குது மிஸ், மூக்கு அரிக்குது மிஸ்னு ஒரு வாரமா உசுரை வாங்குதுங்க."

"எடிட்டர் இதையெல்லாம் பாக்க மாட்டாங்களா?"

மர்ஜியா பையின் ஜிப்பை மூடினார். "உன் சுமதி அந்தப் பென்சில் படத்தை எனக்கு வாட்ஸப்புல அனுப்பியிருந்தா, கோகுல். புத்தகம் அச்சுக்குப் போன பிறகு. அந்தக் கட்டைவிரலும் தப்புதான்." பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, "எனக்கு அந்தத் தப்புதான் வேணும்னு இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று போய்விட்டார்.

கோகுல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். உள்ளிருந்து மாமா குரல் முந்திக்கொண்டது.

"மாப்ள! அந்தக் காதுகுத்துப் பார்ட்டிக்குக் கை ஒட்டிட்டியா?"

சிரிக்கிறீர்கள். சிரிக்கலாம், நீங்கள் ஓவியர் இல்லையே. இந்தி கற்க இறக்கிய ஆப் ஒன்று உங்கள் போனில் தூங்குகிறது, அவ்வளவுதான். பீரோவுக்கு மேல் உறை பிரிக்காத கீபோர்டு ஒன்று இருக்கிறது. நல்ல பேனா கிடைத்ததும் எழுதலாம் என்று ஒரு நாவல், நல்ல செருப்பு வாங்கியதும் போகலாம் என்று ஒரு நடை, சரியான வார்த்தை அமைந்ததும் பேசலாம் என்று, சண்டையில் பேச்சு நின்றுபோன ஒரு தம்பி. எல்லாம் முடிவாகிவிட்டது, எந்த மூலையில் கையொப்பம் என்பது உட்பட. தரத்தில் சமரசம் செய்யாதவர் நீங்கள், எனக்குத் தெரியாதா?

ஒன்றே ஒன்று செய்யுங்கள். இதைப் படிக்க ஒரு கை போதும். இன்னொரு கை இப்போது எங்கே இருக்கிறது என்று மெதுவாகக் குனிந்து பாருங்கள்.