கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கோ

காலை நேரத்தில் மாட்டுங்கா ஸ்டேஷனில் நின்றுகொண்டு, பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துச் சிரித்தபடி "கொஞ்சம்..." என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். தமிழ் தெரிந்தவராக இருந்தால் பையை மார்போடு அணைத்துக்கொண்டு தள்ளிப் போவார். தெரியாதவரிடம் இந்தியில் "தோடா..." என்று சொல்லுங்கள், அதே பலன் கிடைக்கும். அடுத்து என்ன வார்த்தை வரப்போகிறது என்று மும்பையில் எல்லோருக்கும் தெரியும். அந்த ஒரே வார்த்தையில் குடியும் குடித்தனமுமாக இருக்கும் ஓர் இனத்தைப் பற்றித்தான் இன்றைய பேச்சு. அட்ஜஸ்ட் ஆசாமிகள். இவர்கள் எல்லா ஊரிலும் விளைவார்கள் என்றாலும், காலை நீட்டினால் அடுத்த வீட்டுக்காரர் தட்டில் படும் ஊரில்தான் விளைச்சல் அமோகம்.

உதாரணத்துக்கு நம் பஞ்சுவை எடுத்துக்கொள்வோம். ஆதார் கார்டில் பஞ்சாபகேசன். மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளுக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடத்தில் இரண்டாம் மாடி, ஃபோர்ட்டில் இன்ஷூரன்ஸ் ஆபீஸ் வேலை, ஒரு மனைவி, இரண்டு பெண்கள், ஒரு வார்த்தை.

இங்கிலீஷ்காரன் இந்த அட்ஜஸ்ட் என்ற வார்த்தையை ஏதோ திருகாணியை முடுக்குவதற்கும் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்வதற்கும் வைத்திருந்தான், பாவம். பஞ்சுவின் வாயில் விழுந்த பிறகு அது பட்ட பாட்டைக் கேளுங்கள். வாட்ச்மேனிடம் சொன்னால், என் ஸ்கூட்டர் இன்றைக்கு உன் நாற்காலி இருக்கும் இடத்தில் நிற்கும், நீ பக்கத்தில் நின்றுகொள் என்று அர்த்தம். கீழ் வீட்டு ஷா பாயிடம் சொன்னால், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சுவரில் டிரில் போடப்போகிறேன், உங்கள் தூக்கத்தை வேறு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். ஆபீசில் பக்கத்து மேஜைக்காரரிடம் சொன்னால், இந்த நிமிஷம் முதல் என் வேலை உன் வேலை. கச்சேரி ஹாலில் சொன்னால், அந்த முன்வரிசை நாற்காலியிலிருந்து உன் கைக்குட்டையை எடு. மனைவி அபயாம்பாளிடம் போனில் சொன்னால், நாலு பேரோடு சாப்பிட வந்துகொண்டே இருக்கிறேன், சாம்பாரை என்ன செய்வாயோ தெரியாது. கியூவில் சொன்னால்? அதற்குள் அவர் உங்களுக்கு முன்னால் நின்றுகொண்டிருப்பார்.

அகராதியில் போட்டிருக்கும் அர்த்தத்தில் மட்டும் அவர் அதைப் பயன்படுத்தியதே கிடையாது. வீட்டு டேபிள் ஃபேன் வருஷக்கணக்காக அவர் முகத்தைப் பார்த்தே வீசுகிறது. யாராவது அதைத் திருப்பப் போனால், "உங்களுக்கெல்லாம் ஜன்னல் இருக்கே, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கப்படாதா?" என்பார்.

தாராவியிலிருந்து சைக்கிளில் இட்லி கொண்டுவரும் நயினாரிடம் தினமும் இதே பாட்டுதான்.

"நயினார், சட்னியைக் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணேன்."

"நேத்தும் பண்ணுனேன், முந்தாநாளும் பண்ணுனேன். இனி என்னத்த சார் பண்ணுதது? பேசாம வாளிய நீங்க வச்சிக்கிடுங்க, நான் இட்லிய மட்டும் கொண்டுக்கிட்டுப் போறேன்."

பஞ்சு அதற்கும் சிரிப்பார். அவர் கெட்டவர் இல்லை. அதட்ட மாட்டார், சண்டை போட மாட்டார். முதலில் ஒரு சிரிப்பு, பிறகு உங்கள் கையைப் பிடித்துக்கொள்வது, பிறகு அந்தக் 'கொஞ்சம்'. கை விடுபடும்போது உங்கள் இடம் போயிருக்கும், கோபம் மட்டும் வந்திருக்காது. வீட்டுக்குப் போய்க் காப்பி குடிக்கும்போதுதான் வரும்.

இப்படி அமோகமாக நடந்துகொண்டிருந்த வாழ்க்கையில் ஒரு சனிக்கிழமை மூத்த பெண் சாதனா எதிரே வந்து உட்கார்ந்தாள். ஐரோலியில் அவளோடு வேலை பார்க்கும் நகுல், நவி மும்பை நெருள்காரப் பையன். இவளுக்கு அவனைப் பிடித்து, அவனுக்கு இவளைப் பிடித்து, அதிசயமாக ஜாதகங்களுக்கும் ஒன்றையொன்று பிடித்துப்போய், மறுநாள் பையனின் அப்பா அம்மா பேசி முடிக்க வருவதாக ஏற்பாடு.

"அப்பா, நாளைக்கு ஒரே ஒரு ஹெல்ப். அந்த வார்த்தையை நீ சொல்லப்படாது."

"எந்த வார்த்தை?"

"தூக்கத்துல கூடச் சொல்றியே, அது."

பஞ்சுவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் என்ன எப்பப் பார்த்தாலுமா சொல்றேன்? ஆகட்டும், சொல்லலை. ஆனா அவாளும் கொஞ்சம்..." சடக்கென்று வாயை மூடிக்கொண்டார்.

சாதனா சிரிக்கவில்லை. "எனக்கு நகுலை ரொம்பப் பிடிச்சிருக்குப்பா. இது உன்னால கெட்டுப்போச்சுன்னா எனக்குத் தாங்காது."

அவள் கண் கலங்கியிருந்தது. பஞ்சுவுக்குத் தன் பெண்கள் மேல் உயிர். அவள் தலையில் கை வைத்து, அந்த வார்த்தையைச் சொல்வதில்லை என்று சத்தியம் செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். பையனின் அப்பா சுப்பாமணி நல்ல ஆகிருதி, வாய் நிறையச் சிரிப்பு. அவரும் பஞ்சுவும் நாற்காலிகளில் எதிரெதிராக உட்கார்ந்தார்கள். நகுல் பிளாஸ்டிக் ஸ்டூலில். மூன்று பேர் உட்காரும் சோபாவில் நகுலின் அம்மா அம்மிணி, பக்கத்தில் சாதனா, அவள் தங்கை மானசா. காப்பித் தட்டை வைத்துவிட்டு அபயாம்பாள் எங்கே உட்காருவதென்று பார்த்தபோது, அம்மிணி பேசிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், இடுப்பை ஒரு இழுப்பு உள்ளே இழுத்தாள். பெண்களும் இழுத்தார்கள். ஒரு சாண் இடம் பிறந்தது.

மும்பை லோக்கல் ரயிலில் மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆளுக்கும் இடம் உண்டு. ரயில்வே சட்டத்தில் அது கிடையாது, இடுப்பின் வழக்கத்தில் உண்டு. லேடீஸ் கம்பார்ட்மெண்டில் காலமெல்லாம் போய்வந்தவர்களுக்கு அதை யாரும் கேட்கவே வேண்டாம். அபயாம்பாள் அந்த ஒரு சாணில் உட்கார்ந்ததுமே அம்மிணி யாரென்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"நீங்க ஹார்பர் லைனா?" என்றாள்.

"நெருள்லேர்ந்து சி.எஸ்.டி. நீங்க?"

"மஸ்ஜித் பந்தர். தாணே லோக்கல்."

அவ்வளவுதான். தலைகள் சேர்ந்துகொண்டன, குரல் தணிந்துவிட்டது. ஆண்கள் அதைக் கவனிக்கவில்லை. அங்கே பெரிய விஷயம் நடந்துகொண்டிருந்தது.

சுப்பாமணி காப்பியைப் புகழ்ந்தார். கட்டடத்தைப் புகழ்ந்தார். பிறகு சிரித்தார். பிறகு பஞ்சுவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க காலனியே திரண்டு வரணும்கறா. நெருள்ல கோவில் பக்கத்துலயே நல்ல ஹால் இருக்கு. கல்யாணத்தை அங்க வெச்சுக்கலாம். பொண்ணாத்துக்காரா நீங்க கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்."

பஞ்சு விக்கித்துப்போனார். ஊரார் மேலெல்லாம் அவர் ஏவிய வார்த்தை, முதல் தடவையாக எதிர்த்திசையிலிருந்து வந்து அவர் மேலேயே விழுந்தது. இவ்வளவு வலிக்குமா இது? அதுவும் ஜாதகம் பொருந்திய அன்றைக்கே அவர் மாட்டுங்கா ஹால்காரரிடம் தை மாசத்துக்குச் சொல்லி வைத்தாயிற்று. பதிலுக்கு அதே வார்த்தையை எடுத்து அடித்திருப்பார், நாக்கு நுனி வரை வந்தும்விட்டது. சோபாவிலிருந்து சாதனா அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேறு வார்த்தை தேடினார். இத்தனை வருஷத்தில் வேறு எதையும் அவர் சேர்த்து வைக்கவில்லை.

"கல்யாணம்னா பொண்ணாத்துல பண்றதுதானே வழக்கம்," என்றார் தடுமாறி. "அதனால நீங்கதான் கொஞ்சம்... அனுசரிச்சு..."

"அதுக்கென்ன, பேஷா அனுசரிக்கறோம். நீங்க மட்டும் அட்ஜஸ்ட் பண்ணிண்டாப் போறும்."

"மாட்டுங்கால எனக்கு எல்லாரையும் தெரியும். சமையக்காரர், நாதஸ்வரக்காரர், பூக்காரர்..."

"நெருள்ல எனக்கும் எல்லாரையும் தெரியும். அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கோ."

"தெருவே என்னோடது மாதிரி."

"செக்டரே என்னோடது மாதிரி. கொஞ்சம் அட்ஜஸ்ட்..."

காப்பி ஆடை கட்டிப்போயிற்று. நகுல் ஸ்டூலோடு பின்வாங்கிப் பின்வாங்கி வாசற்கதவு வரைக்கும் போய்விட்டான். கடைசியில், வார்த்தை கிடைக்காத மனுஷனுக்கு வரும் ஆத்திரம் பஞ்சுவுக்கு வந்துவிட்டது. "மாட்டுங்காவை விட்டு ஒரு அடி நகர மாட்டேன்," என்று கத்திவிட்டார்.

சுப்பாமணியின் சிரிப்பு அணைந்தது. எழுந்துவிட்டார். "அப்போ இது சரிப்படாது. அம்மிணி, கிளம்பு. நகுல், செருப்பைப் போட்டுக்கோ."

சாதனாவின் முகம் வெளிறியது. அதைப் பார்த்த மாத்திரத்தில் பஞ்சுவின் ஆத்திரமெல்லாம் வடிந்துவிட்டது. பண்ணிவிட்டோமே, சத்தியத்தைக் காப்பாற்றியும் காரியத்தைக் கெடுத்துவிட்டோமே என்று நின்றார்.

அம்மிணி எழுந்திருக்கவில்லை.

"நான் எழுந்தா இவா மூணு பேரும் சரிஞ்சு விழுந்துடுவா," என்றாள் நிதானமாக. "நீங்க உக்காருங்கோ. எல்லாம் பேசி முடிச்சாச்சு. கல்யாணம் நெருள்ல, ரிசப்ஷன் மாட்டுங்கால."

"யார் முடிச்சது?" என்றார் சுப்பாமணி.

"நாங்கதான்," என்றாள் அபயாம்பாள்.

பஞ்சு மனைவியைப் பார்த்தார். "அபயம், நீயா? மாட்டுங்காவை விட்டுட்டு நெருள்லயா?"

"ஆமாம். மாட்டுங்கால உங்களுக்கு எல்லாரையும் தெரியும். முகூர்த்தத்துக்கு நடுவுல எழுந்து போய், பந்தியில ஒருத்தரை நகத்தி, சமையக்காரரை நகத்தி, கடைசில என்னை நகத்துவேள். நெருள்ல ஒரு ஈ காக்காயைத் தெரியாது. பேசாம மணையில உக்காருவேள். என் பொண்ணு கல்யாணத்தை நானும் உக்காந்து பாக்கணும்." ஆடை கட்டிய காப்பி டம்ளரைத் தள்ளி வைத்தாள். "நம்ம கல்யாணத்துல ஊஞ்சல்ல உக்காந்ததும் நீங்க என்கிட்டச் சொன்ன முதல் வார்த்தையே அதுதான். ஞாபகம் இருக்கா?"

பஞ்சுவுக்கு ஞாபகம் இல்லை.

"ரிசப்ஷன் மட்டும் ஏன் இங்க?" என்று சுப்பாமணி ஆரம்பித்தார்.

"இங்க உங்களுக்கு யாரையும் தெரியாதே," என்றாள் அம்மிணி. "நானும் ஒரு நாள் உக்காரணும்."

இரண்டு ஆண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நகுல் செருப்பைக் கழற்றினான். பஞ்சு மகளைப் பார்த்தார். அவள் இன்னும் அவர் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்த வீட்டில் அவர் வாயிலிருந்து அதிகம் கேட்டிராத ஒரு சொல்லைச் சொன்னார்.

"சரி."

சாதனா ஓடிவந்து அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதுவிட்டாள். பஞ்சுவும் அழுதார். உண்மையான அழுகை, அதில் நான் கேலி எதுவும் சொல்லமாட்டேன்.

விருந்தினர் போன அரை மணியில் அவர் போனை எடுத்துவிட்டார். செம்பூர் மச்சினருக்கு, ஆபீஸ் சிநேகிதருக்கு, பிறகு ஷா பாய்க்கு இந்தியில். எல்லோரிடமும் ஒரே செய்திதான்: "பொண்ணு விஷயம் பாரு, விட முடியலை. ஹாலெல்லாம் சொல்லி வெச்சிருந்தேன். என்ன பண்றது, வழக்கம் போல நான்தான் அட்ஜஸ்ட் பண்ணிண்டேன்." அபயாம்பாள் அப்போது காப்பி டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

அவர் பொய் சொல்லவில்லை. மனதார நம்பித்தான் சொன்னார். இந்த இனத்தின் விசேஷமே அதுதான், இவர்களில் ஒருவருக்கும் தாம் இந்த இனம் என்று தெரியாது. இதுவரை சிரித்துக்கொண்டே வந்த உங்களைத்தான் கேட்கிறேன், உங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் விட்டுக்கொடுத்துப் போவது யார்? நீங்கள்தானே? சந்தேகமே இல்லையே? அப்படியானால் அதை ஒரு தடவை உரக்கச் சொல்லுங்கள், அடுத்த அறையில் இருப்பவர்கள் காதில் விழும்படி. அங்கே நடந்துகொண்டிருந்த பேச்சு சட்டென்று நின்று, யாரோ ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் சத்தம் கேட்டால், நெருளில் உங்களுக்கு யாரையும் தெரியாத ஒரு ஹால் இருக்கிறது, விலாசம் தருகிறேன்.