மெதுவா துன்னு, முள்ளு கீது

பசித்தால் எதுவும் தின்னும் என்று நினைத்திருந்தேன். நாய் வளர்த்ததில்லை. அதனால்தான்.

நான் ஆட்டோ ஓட்டுகிறவன். மந்தைவெளி ஸ்டேஷனுக்கு வெளியே ஸ்டாண்டு. வீடு சைதாப்பேட்டையில், ஆற்றோரம், ஒரே அறை. மனைவி சாந்தி செத்தபிறகு மகள் கவிதாவும் நானும்தான். அவள் தி.நகரில் துணிக்கடையில் வேலை பார்த்தாள். நாள் முழுக்க நின்றுவிட்டு வருவாள். வந்தால் பேசமாட்டாள். நானும் பேசமாட்டேன் (எனக்கு அது புதிதில்லை). சாந்தி இருந்தவரை மூன்று பேருக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

சாந்திக்கு முதல் வருஷப் படையல் வர இருந்தது. அதற்குச் சில நாள் முன்னால் கவிதா கடைப் பையில் ஒரு நாய்க்குட்டியோடு வந்தாள். பஸ் ஸ்டாப்பில் கிடந்ததாம். ஒரு காது நின்றது, ஒரு காது தொங்கியது. அதைத் தரையில் விட்டுவிட்டு, கவிதா தானாக அதனிடம் பேசினாள். இருக்கட்டும் என்று விட்டேன்.

குட்டி சாப்பிடவில்லை.

பால் வைத்தோம். பிஸ்கட்டு, தயிர்ச் சோறு, முட்டை வைத்தோம். கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளையின் மாமா பார்ப்பது மாதிரி பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. கோழிக்கால் வேகவைத்தேன். அதுவும் வேண்டாமாம். கடைசியில் நான் தின்றேன் (உப்பில்லை). பகலில் அதை ஆட்டோவில் என்னோடு வைத்துக்கொண்டேன்; ராத்திரி எறும்பு வருமென்று தட்டை எடுத்துவிடுவோம். நானும் கவிதாவும் தட்டுக்கு இரண்டு பக்கமும் குந்திக்கொண்டு அதன் வாயையே பார்ப்போம். அது எங்களைப் பார்க்கும்.

சவாரி வந்த மயிலாப்பூர் மாமி ஒருவரிடம் யோசனை கேட்டேன். நானாக வாய் திறந்து கேட்டேன் என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள்.

"பருப்புஞ்சாதத்துல நெய் விட்டுக் குழைச்சுண்டு, கையால ஊட்டுங்கோ. எங்காத்து நாய் அப்படித்தான் சாப்பிடறது."

ஊட்டினேன். சாதத்தைத் துப்பிவிட்டு விரலைக் கடித்தது.

அடையாறில் நாய் டாக்டரிடம் போனோம். "நோய் ஒண்ணும் இல்ல. ஆனா இப்படியே போனா தாங்காது" என்றார். திரும்பும்போது பின் சீட்டிலிருந்து கவிதா கேட்டாள்.

"இதுவும் செத்துப் பூட்டா நான் இன்னா நைனா பண்ணுவேன்?"

கண்ணாடியில் பார்த்தேன். குட்டியின் விலா தெரிந்தது. கவிதாவின் கழுத்தெலும்பும் தெரிந்தது. அது தின்னாததால் அவளும் சரியாகத் தின்னவில்லை. கியர் மாற்றினேன்.

படையல் நாள் வந்தது. சாந்தியின் தங்கை வள்ளி வந்து சமைத்தாள். சாந்திக்குப் பிடித்த வஞ்சிர மீன் வறுவல், கருவாட்டுக் குழம்பு, வடை, வெற்றிலை பாக்கு, எல்லாம் இலையில் வைத்தோம். கற்பூரம் காட்டிவிட்டு, எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்த வேண்டும். செத்தவர்கள் வந்து சாப்பிட்டுப் போவார்கள். ஆள் பார்த்தால் வரமாட்டார்கள். எங்கள் வழக்கம் அது.

"மாமா, அந்த நாயத் தூக்கி வெளிய வுடு" என்றாள் வள்ளி.

குனிந்து பார்த்தேன். கட்டிலுக்கு அடியில் துணி மாதிரி கிடந்தது.

"கெடக்கட்டும் வள்ளி. அது இன்னாத்த துன்னப் போவுது."

கதவைச் சாத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்து நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் உள்ளே இலை சரசரவென்றது.

வள்ளி என் கையைப் பிடித்தாள். "மாமா, அக்கா வந்துகீறா."

கவிதா வாயைப் பொத்திக்கொண்டாள். உள்ளே மெல்லுகிற சத்தம். நாய் ஞாபகம் ஒருவருக்கும் வரவில்லை. தின்னாத நாயை யார் நினைப்பார்கள்?

சாந்தி எப்போதும் அவசரமாகத்தான் தின்பாள். எங்களுக்குப் போட்டுவிட்டு, கடைசியில், நின்றபடியே. ஒரு தடவை முள் சிக்கித் திணறினாள். தண்ணீர்ச் சொம்பை அவள் பக்கம் நகர்த்தினேன். வாயால் ஒன்றும் சொல்லவில்லை.

அன்றைக்கு எனக்கு என்ன வந்ததோ. கதவில் கை வைத்து, தெருவே கேட்கிற மாதிரி சொன்னேன்.

"மெதுவா துன்னு சாந்தி. முள்ளு கீது."

வள்ளி ஓவென்று அழுதாள். பக்கத்து வீட்டம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

உள்ளேயிருந்து பதில் வந்தது.

"லொள்."

கதவைத் திறந்தேன். இலை கழுவிவிட்டது மாதிரி இருந்தது. நடுவில் குட்டி. மூக்கில் மிளகாய்த்தூள், வயிறு பந்து. வெற்றிலையை மட்டும் மதிக்கவில்லை.

"ஐயோ, அக்கா சோத்த நாய் துன்னுட்ச்சே!" வள்ளி துடைப்பத்தைத் தூக்கினாள்.

அப்போது கவிதா சிரித்தாள். சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நடுவில் அது அழுகையாகி, மறுபடி சிரிப்பானது.

"சித்தி, எனக்கும் சோறு போடு" என்றாள்.

வள்ளி துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு இன்னொரு இலையை விரித்தாள்.

மறுநாள் ஸ்டாண்டுக்குப் போனேன். செய்தி எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. டீ கிளாஸை வாயில் வைத்தேன். "மெதுவா மச்சி, முள்ளு கீது" என்றான் ஒருவன். அன்றிலிருந்து ஓயவில்லை. கவிதா கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளை பாயசத்தைத் தூக்கியபோது, அவளே அவனிடம் சொன்னாள். பந்தியே சிரித்தது. நான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாய் என்னோடுதான் இருக்கிறது. இப்போதும் ஆள் பார்த்தால் தின்னாது. சட்டியை வைத்து, கதவைச் சாத்திவிட்டு, நான் வெளியே நிற்க வேண்டும். உள்ளே தின்கிற சத்தம் கேட்கும். தெருவில் ஆள் இல்லையென்றால் நானும் ஒரு தடவை சொல்வேன்.

சட்டியில் முள் கிடையாது. பருப்புச் சோறுதான்.