அன்பளிப்பு வாங்கிய நடுவர்

கேமரா இல்லாமல் ரீப்ளே காட்டிய கபடி நடுவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் சங்கரன்கோவிலில் இருக்கிறார். அவர் அவுட் கொடுத்ததற்கு யாராவது முறைத்தால் போதும். எங்கள் ரீப்ளே அண்ணாச்சி விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பாடிப் போனவன் கால் எங்கே கோட்டைத் தொட்டது என்பதைத் தானே ஓடி, விழுந்து, புரண்டு காட்டுவார். அதுவும் ஸ்லோமோஷனில். "இப்பம் தெரிஞ்சுதாலே?" என்று மண்ணில் கிடந்தபடியே கேட்பார். தோற்ற அணிகூடக் கைதட்டும்.

வாரமெல்லாம் விசைத்தறியில் நிற்பார். ஞாயிறானால் எங்கள் நடுவர் சங்கம் அனுப்பும் ஊருக்குப் போவார். நானும் அந்தச் சங்கத்தில் நடுவன். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி என்பதால் தீர்மானப் புத்தகம் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

ஒருநாள் ரசீதுப் புத்தகத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"நடுவர் சம்பளம்னு போட்டிருக்கே, எவம்லே எழுதுனது?"

"ஆட்டத்துக்குக் குடுக்குத ரூவா சம்பளம்தான அண்ணாச்சி?"

"சம்பளம் தறிக்கு வாங்குதேன். முதலாளி சொல்லுத சேலையத்தான் நெய்யுதேன். விசிலுக்கும் சம்பளம் வாங்குனா, குடுக்கவன் சொல்லுத பக்கம்லா ஊதணும்? அன்பளிப்புன்னு மாத்துலே."

சங்கச் செயலாளருக்கு ஆனந்தம். "அன்பளிப்புன்னா நஷ்டஈடு, இன்சூரன்ஸ்னு ஒருத்தனும் நம்ம வாசலுக்கு வரமாட்டான் வே!" நான் என் அழகான தமிழில் எழுதினேன்: 'நடுவர்கள் ஊழியர்கள் அல்லர், அன்பர்கள்.' எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். எனக்குப் பெருமை வேறு.

அடுத்த பொங்கலுக்கு மேலநீலிதநல்லூரில் ஆட்டம். ரீப்ளே காட்டப்போய் அண்ணாச்சி விழுந்தார், எழவில்லை. ஸ்லோமோஷன் என்று நினைத்துக் கூட்டம் ஆர்ப்பரித்தது. நானும் கைதட்டினேன். இடுப்பெலும்பு முறிந்திருந்தது.

ஆபரேஷன் அரசு ஆஸ்பத்திரியில் முடிந்தது. ஆனால் இனித் தறியில் நிற்க முடியாது என்றுவிட்டார்கள். "சங்கத்துல ஏதாவது குடுத்தாத்தான் தம்பி அடுப்பு எரியும்" என்றார் அவர் மனைவி. தொழிலாளர் ஆபீசுக்கு நான்தான் மனு எழுதினேன். விசாரணையில் செயலாளர் மேசைமேல் வைத்த தீர்மானத்தையும் நான்தான் எழுதியிருந்தேன்.

அதிகாரி நல்ல பெண்மணி. "பேப்பர்ல இருக்கிறது இருக்கட்டும் ஐயா. வேலை செஞ்சீங்க, அதுக்குச் சம்பளம் வாங்குனீங்க. ஆமான்னு சொல்லுங்க, மேல பார்க்கலாம்."

"சொல்லுங்க அண்ணாச்சி" என்று கிசுகிசுத்தேன்.

"இல்லம்மா. அன்பளிப்புதான்."

வாசலுக்கு வந்ததும் கத்திவிட்டேன். "ஒத்த வார்த்த அண்ணாச்சி! ஒத்த வார்த்த சொன்னா என்ன?"

"சொன்னா, இத்தன வருசமா நான் ஊதுனது பூரா விலைக்கு ஊதுனதுன்னு ஆயிராதாலே?" வாக்கரை ஓரடி முன்னால் தள்ளி வைத்தார். கூட வந்திருந்த அவர் மனைவி எங்கள் இருவரையும் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

போன மாதம் சங்கக் கூட்டத்தில் புதுத் தீர்மானம் கொண்டுவந்தேன்: நடுவருக்குத் தருவது கூலி, அடிபட்டால் சங்கம் பொறுப்பு. இனி விழப்போகிறவர்களுக்குத்தான் அது. அண்ணாச்சிக்கு ஒரு பைசா வராது. எதிர்த்துத் தூக்கிய கைகள் இரண்டே இரண்டு. ஒன்று செயலாளருடையது. மற்றது அண்ணாச்சியுடையது. தீர்மானம் நிறைவேறியது.

அவரை எதிர்த்து நான் ஓட்டுப் போட்டது அன்று மட்டும்தான். கூட்டம் முடிந்து அவரைக் கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றினேன். என் வீடு எதிர்த்திசையில் இருக்கிறது. நானும் ஏறிக்கொண்டேன்.