சுவீடன் அண்ணையின் டைரக்‌ஷன்

பேசாப் படத்தைப் பற்றி மூன்று மணி நேரம் பேசக்கூடிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருந்தார். எண்பதுகளில் மொன்றியல் செயின்ட்-மிஷேலில் ஆறு ஈழத்து அகதிகள் குடியிருந்த எங்கள் அறையில்தான் அவரும் இருந்தார். எங்களுக்கு அவர் சுவீடன் அண்ணை.

கனடாவுக்கு வருமுன் சுவீடன் முகாமில் ஒரு வருடம் இருந்தவர். அங்கே வெள்ளிக்கிழமைகளில் அந்த நாட்டு டைரக்டர் ஒருவர் எடுத்த பழைய பேசா நகைச்சுவைப் படங்கள் போடுவார்களாம். நடுவில் வரும் எழுத்து ஒன்றும் புரியாததால், முகங்களை மட்டும் பார்த்தே டைரக்டரின் வித்தையை முழுக்கப் பிடித்துவிட்டார்.

"விழுந்தெழும்பிச் சிரிக்க வைக்கிறேல்லை, தம்பி. புருசன் கதவைப் பாப்பான். பெஞ்சாதி, ஆரோ விட்டிட்டுப்போன கையுறையைப் பாப்பாள். சனம் சிரிக்கும்" என்பார்.

ஒருநாள் பொரித்த மீனில் கடைசித் துண்டைக் காணவில்லை. அண்ணை சத்தம் போடவில்லை. மீன் வைத்த கோப்பையைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், பிறகு அறைத்தோழன் மீசைக்கார ராசனைப் பார்த்தார். ராசன் தானாகவே ஒப்புக்கொண்டான்.

அப்போதுதான் ஊரிலிருந்த என் மனைவிக்கு விசா கிடைத்தது. கல்யாணமாகி இருபது நாள்தான் சேர்ந்திருந்தோம், பிறகு நான்கு வருடப் பிரிவு. என்னை அந்நியனாகப் பார்த்துவிடுவாளோ என்று எனக்குப் பயம். அண்ணை ஒரு வாரம் ஒத்திகை வைத்தார். மனைவியாக நடித்தது ராசன்.

"ஓடக்கூடாது, அழக்கூடாது. முதல் பெட்டியைப் பார். பேந்து கையை. கடைசியிலைதான் முகம்."

மிராபெல் விமான நிலையத்தில் அவள் வந்தாள். பெட்டியைப் பார்த்தேன். அடுத்தது என்ன என்பது மறந்துபோயிற்று. பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவளும் பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"பெட்டி சுகமா வந்திட்டுது. நானும் சுகந்தான்" என்றாள்.

நிமிர்ந்தேன். அதே முகம். இருவரும் வயிறு நோகச் சிரித்தோம். நான்கு வருடப் பயம் அதோடு போயிற்று. முன்பின் தெரியாத அந்த சுவீடன் டைரக்டரை மனதுக்குள் கும்பிட்டேன்.

திரும்பினால், தூணுக்குப் பின்னால் அண்ணை மஃப்ளரை வாயில் அடைத்துக்கொண்டு விம்முகிறார். அவருடைய மனைவி ஆறு வருடமாகத் திருகோணமலையில் விசாவுக்குக் காத்திருந்தார்.

"அழக்கூடாது எண்டனீங்கள், அண்ணை."

"அது நடிக்கிற ஆக்களுக்கு."

அன்று நான் முதலில் கட்டிப்பிடித்தது அவரைத்தான். என் மனைவி அதை இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறாள்.