எண்ணெய் அழுத்தத்துக்கு மூன்று சென்சார்

திருமுருகன்பூண்டிக்குப் பக்கத்தில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் தனபால், ஒரு விமானம் கட்டினார். திருப்பூரில் காசு கொஞ்சம் சேர்ந்தால் பங்களா கட்டுவார்கள், கல்யாண மண்டபம் கட்டுவார்கள். இவருக்கு ஆசை வேறு பக்கம் போனது. பழைய நிட்டிங் ஷெட்டில், ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு பேர் உட்காரும்படி ஒன்றைக் கட்டி முடித்து இஞ்சினையும் ஓட்டிப் பார்த்தார். அது உறுமியபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இந்து, உன்னை உக்கார வெச்சு கொமரலிங்கம் வரைக்கும் போயி, ஆத்துக்கு மேல ஒரு சுத்து சுத்தோணும்" என்றார் மனைவியிடம்.

"போலாமுங்க. மேல போயி இஞ்சின் நின்னுபோச்சுன்னா?" என்றாள் இந்துமதி.

நியாயமான கேள்வி. அதற்குத்தான் இஞ்சின் மானிட்டர் என்று ஒன்று இருக்கிறது. ஓட்டுபவர் கண்ணெதிரே ஒரு சின்னத் திரை. இஞ்சினில் ஆங்காங்கே பொருத்திய சென்சார்கள் சொல்வதை அது காட்டும். நல்லபடியாக இருந்தால் பச்சை, கோளாறு என்றால் சிவப்பு. எண்ணெய் அழுத்தம், எண்ணெய்ச் சூடு, சிலிண்டர்ச் சூடு, புகைக்குழாய்ச் சூடு, பெட்ரோல் ஓட்டம் என்று தனபால் ஐந்தைத் தேர்ந்தெடுத்துப் பொருத்தினார்.

பறக்க அனுமதி தரும் அலுவலகத்திலிருந்து குமாரவேல் என்ற அதிகாரி ஆய்வுக்கு எழுந்தருளினார். மிகவும் மரியாதையான மனிதர்.

"இது எதுக்குங்க?"

"எண்ணெய் அழுத்தம் பாக்கறதுக்குங்க. அது கொறஞ்சா இஞ்சின் போயிருமுங்க."

"நல்லதுங்க. இந்த சென்சாரே கெட்டுப்போனா அதை எது சொல்லுமுங்க?"

தனபால் தலையைச் சொறிந்தார். "இன்னொண்ணு போட்டுறலாமுங்க."

"ரெண்டும் ரெண்டு விதமாச் சொன்னா எதை நம்பறதுங்க?"

"அப்ப மூணாவது ஒண்ணுங்களா?"

"நான் சொல்லலீங்க. நீங்களாத்தான் சொல்றீங்க" என்று குமாரவேல் அதை உத்தரவாக எழுதிக்கொண்டார். பொதுநலன் கருதி மற்ற நான்குக்கும் அதே விதி பொருந்தியது.

அடுத்த முறை வந்த குமாரவேல் ஷெட்டைச் சுற்றிப் பார்த்தார். ஷெட் பனியன் தொழிலுக்கென்று பதிவானது. ஆகவே அதற்குள் இருக்கும் எந்த இயந்திரத்துக்கும் சாயக்கழிவு சென்சார் கட்டாயம்.

"விமானத்துல சாயம் போடறதில்லீங்களே" என்றார் தனபால்.

"போடறதில்லைன்னு எது காட்டுமுங்க?"

சாயக்கழிவு சென்சார் வந்தது. தனபாலுக்கு உள்ளுக்குள் எரிச்சல்தான். ஆனால் அந்த வாரம் ஒரு கல்யாணத்தில் எக்ஸ்போர்ட் ஆத்தப்பன் அவரைத் தேடி வந்து, "உங்க பிளேன்ல எத்தனை சென்சாருங்க?" என்று கேட்டார். தனபால் சொன்னதும் பந்தியில் பாதிப் பேர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். எரிச்சல் எங்கே போனதென்று தெரியவில்லை. ஊருக்குத் திரும்பியதும், யாரும் கேட்காமலே, ஈரப்பதத்துக்கு ஒன்றும் இரைச்சலுக்கு ஒன்றும் வாங்கிப் போட்டார். பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர்களுக்குப் பிடிக்குமே என்று, சுற்றுச்சூழல் மீதான அக்கறையை அளக்கும் சென்சார் ஒன்றும் வந்தது. அது எப்போதும் பச்சைதான் காட்டும். அப்படித்தான் செய்து விற்கிறார்கள்.

இத்தனைக்கும் கரண்டு வேண்டாமா? பெரிய பேட்டரி ஒன்று வந்து இந்துமதியின் சீட்டில் உட்கார்ந்தது.

"நான் எங்கீங்க உக்கார்றது?"

"உன்ற பாதுகாப்புக்குத்தான் இந்து இதெல்லாம்."

சோதனை ஓட்டத்தில் விமானம் தரையைவிட்டு எழும்பவில்லை. பாரம் அதிகம். குமாரவேல் எடை போட்டுப் பார்த்து வருத்தத்துடன் சொன்னார்: "எதையாவது கழட்டோணுமுங்க."

"அந்தச் சாயக்கழிவு சென்சாரைக் கழட்டிறலாமுங்களா?"

"அதுக்கு உத்தரவு இருக்குதுங்க."

"எண்ணெய் அழுத்தம் மூணுல ஒண்ணை?"

"அதுக்கும் இருக்குதுங்க." குமாரவேல் உத்தரவுகளை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினார். பிறகு முகம் மலர்ந்தது. "இஞ்சின் வேணும்னு எதுலயுமே இல்லீங்க."

இஞ்சினை இறக்கியபோது தனபால் அதன் மேல் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மானிட்டரைப் போட்டார்கள். சூடு இல்லை, புகை இல்லை, இரைச்சல் இல்லை, சாயக்கழிவு இல்லை. எண்ணெய் அழுத்தமும் பெட்ரோல் ஓட்டமும் மட்டும் சிவப்பு காட்டின. இஞ்சின் ஓடும்போதுதான் அவை கணக்கு என்று குமாரவேல் விளக்கம் எழுதி, அவற்றையும் பச்சையாக்கினார். திரை முழுக்கப் பச்சை. அந்த அழகில் தனபாலே மயங்கிப் போனார்.

'மிகப் பாதுகாப்பான வானூர்தி' என்று சான்றிதழ் தர ஷெட் வாசலில் பந்தல் போட்டு விழா நடந்தது. அதற்குள் ஆத்தப்பனும் இன்னும் சில முதலாளிகளும் இஞ்சின் இல்லாத விமானம் வாங்கி மொட்டை மாடியில் நிறுத்தியிருந்தார்கள். எல்லாரும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள்.

சான்றிதழ் கைமாறும் நேரத்தில் வானத்தில் ஒரு சத்தம். மடத்துக்குளத்தில் டிராக்டர் ஏஜென்சி வைத்திருக்கும் அங்கமுத்து, தான் கட்டிய விமானத்தில் பந்தலுக்கு மேலே வட்டமடித்துக் கொண்டிருந்தார். பின்சீட்டில் அவர் சம்சாரம் கை ஆட்டினாள். அந்த விமானத்தில் இருப்பது ஒரே ஒரு எண்ணெய் மீட்டர்தானாம்.

கூட்டம் அண்ணாந்து பார்த்தது.

"இப்படியா பொறுப்பில்லாம இருப்பாரு ஒரு மனுசன்" என்றார் தனபால். அவருக்கு நிஜமாகவே கோபம் வந்திருந்தது.

அதே பந்தலில், அன்று மாலையே, அவர் தலைமையில் விமான உரிமையாளர் சங்கம் தொடங்கப்பட்டது. பறப்பதைக் கண்டித்து முதல் தீர்மானம் வந்தது. இந்துமதி ஒரு முறை வானத்தைப் பார்த்தாள். பிறகு பக்கத்து நாற்காலிகளில் இருந்த முதலாளி வீட்டுப் பெண்களைப் பார்த்தாள். எல்லாரும் கை தூக்கியிருந்தார்கள். அவளும் தூக்கினாள்.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.