நூறாம் நம்பர் நாதம்

அறுபத்தாறாம் வருஷம், பீளமேட்டுப் பக்கத்து நூல் மில் ஒன்றின் ஊழியர் சங்கத்தில் ப்ளூஸ் கோஷ்டி துவக்கப்பட்டது. சீமையில் ஜவுளிப் படிப்பு முடித்துத் திரும்பிய முதலாளி மகன், பட்டத்தோடு சில இசைத்தட்டுகளும் கனத்த அடி நாதம் தரும் ஒரு பாஸ் கித்தாரும் கொண்டுவந்திருந்தார். ப்ளூஸ் என்பது அமெரிக்கப் பருத்திக் காடுகளில் பிறந்த பாட்டு என்றும், பருத்தி சம்பந்தப்பட்ட எதிலும் கோயமுத்தூர் பின்தங்கக் கூடாது என்றும் அவர் கருதினார்.

பாடுவதற்குப் போத்தனூர் ரயில்வே காலனி டெரன்ஸ் வந்தார். பாஸ் கித்தார் மில் குமாஸ்தா சென்னகேசவன் கைக்கு வந்தது. கட்டை விரலால் தந்தியைச் சுண்டி, குமிழைத் திருகித் திருகி, கடைசியில் ஒரு நாதத்தைக் கண்டுபிடித்தான். அது உள்ளங்காலில் ஏறி நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஆண்டு விழாவில் ஊரே அதைக் கேட்க வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு வேறு ஆசையே இல்லை.

ஆனால் எந்தச் சரக்கும் தரப் பரிசோதனை ஆகாமல் மில்லை விட்டு வெளியேறக் கூடாது. நாதமும் மில்லில் உற்பத்தியாவதுதானே? ஆகவே ஸ்பின்னிங் மாஸ்டர் லட்சுமணசாமி தலைமையில் நாதக் குழு அமைந்தது. முப்பது வருஷம் மெஷின் இரைச்சலில் நின்றவர் அவர். நூலைச் சோதிப்பதுபோல இரண்டு விரலை உரசிக்கொண்டே கேட்டார்.

“ஏனுங்க கேசவன், இத்தனை மொத்தமா இருக்குதுங்களே?”

“பாஸுன்னா அப்படித்தானுங்க.”

“நூலு மொத்தமா இருந்தா என்ன நம்பருங்க?”

“பத்து, இருபதுங்க.”

“அதுல என்ன நெய்வாங்க?”

“ஜமக்காளமுங்க.”

“சன்னமா இருந்தா?”

“நூறாம் நம்பருங்க. மல் வேட்டி நெய்யலாமுங்க.”

“அப்ப முதலாளி மேடையில ஜமக்காளத்தை விரிச்சுக் காட்டறதுங்களா?”

மேற்படி வாத்தியத்தின் நாதம் மோட்டா ரகத்தைச் சார்ந்தது என்றும், நூறாம் நம்பரை எட்டாத பட்சத்தில் அதை ஸ்டோர் ரூமில் பூட்டி வைப்பதே நிறுவனத்தின் கௌரவத்துக்கு உகந்தது என்றும் குழு ஏகமனதாக அபிப்பிராயப்பட்டது.

கேசவனுக்குச் சோறு இறங்கவில்லை. பூட்டிவிட்டால் தொடக்கூட முடியாது. குமிழைக் குறைத்தான், மாஸ்டர் நாற்பது என்றார். தந்திக்கடியில் பஞ்சை அடைத்தான், அறுபது என்றார். நகத்தால் வருடினான், எண்பது, தேறி வருகிறீர்கள் என்றார். அதற்கு மேல் குறைக்க வழியில்லாமல், ஒலிபெருக்கி ஒயரையே உருவிப் போட்டுவிட்டு வெறும் விரலை அசைத்தான். மாஸ்டர் கண்ணை மூடி வெகுநேரம் கேட்டார்.

“நூறுங்க. ஒரு முடிச்சு இல்லீங்க.”

டெரன்ஸ் தலையில் கை வைத்துக்கொண்டார். “ஒண்ணுமே கேக்கலையே, மேன். நான் எதைப் புடிச்சுக்கிட்டுப் பாடறது?”

“கித்தாராவது கையில இருக்குதுங்களே,” என்றான் கேசவன்.

விழாவில் டெரன்ஸ் அந்தரத்தில் தொங்கிக்கொண்டு பாடினார். கேசவன் விரல் ஓடியது, சத்தம் வரவில்லை. கேட்கவில்லை என்று சொன்னால் மோட்டாக் காது என்று பேர் வந்துவிடும் அல்லவா? முன்வரிசைப் பிரமுகர்கள் விரலை உரசிக்கொண்டு “என்ன சன்னம்” என்று உருகினார்கள். அடுத்த வருஷம் சிங்காநல்லூரிலிருந்து உடுமலை வரை, கோஷ்டி வைத்திருந்த ஒவ்வொரு மில்லும் நூறாம் நம்பர் கேட்டது. கேசவனுக்கு நாதப் பரிசோதகர் என்று பதவியும், மின்விசிறிக்கடியில் நாற்காலியும் கொடுத்தார்கள்.

ஒருநாள் சிங்காநல்லூர் மில் பிட்டர் காளிச்சாமி, தன் கித்தாரோடு சான்றுக்கு வந்தான். ஒயரைச் சொருகி, கட்டை விரலால் ஒரு சுண்டு சுண்டினான். தரை அதிர்ந்தது. அந்தப் பழைய நாதம் கேசவனின் உள்ளங்காலில் ஏறி நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்தது. எத்தனை நாளாயிற்று! காளிச்சாமி வாசித்து முடிக்கும்வரை அவன் மூச்சுக்கூட விடவில்லை.

“எப்படிங்க?” என்றான் காளிச்சாமி.

கேசவன் நாற்காலியின் கையைத் தடவிப் பார்த்துக்கொண்டான். விரலை உரசினான்.

“இருபதாம் நம்பருங்க. சன்னமாக்கிப்போட்டு வாங்க.”

“ஏனுங்க, வாசிக்கறப்ப உங்க கண்ணு கலங்கிப்போச்சுங்களே?”

“பஞ்சுத் தூசிங்க,” என்று சொல்லிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டான் கேசவன்.